பழம்புடவையும் ஒரே ஒரு தையலும்

"பேரக்குழந்தை வரப்போகிறது, கையால் ஏதாவது தைத்துக் கொடுக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் எனக்குப் பூவேலையெல்லாம் வராதே" என்று யாராவது சொன்னால் போதும், நான் வங்காளத்துக் காந்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

காந்தா என்றால் நமக்கு இப்போது நினைவுக்கு வருவது கடையில் தொங்கும் பட்டுப்புடவை, உடல் முழுக்க நுணுக்கமான ஊசி வேலை, கையை விலக்கிக்கொள்ள வைக்கும் விலை. மூலக் காந்தா அது இல்லை. நைந்துபோன பருத்திப் புடவை, வேட்டி, லுங்கி ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைத்த வீட்டுப் போர்வைதான் அது. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டு மனிதர்களுக்காகத் தைத்தார்கள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு, புகுந்த வீடு போகிற மகளுக்கு, விருந்துக்கு வரும் மருமகனுக்கு. சந்தைக்கு என்று யாரும் தைக்கவில்லை.

அந்தப் போர்வையை நிற்க வைப்பது ஒரே ஒரு தையல்தான். ஊசி உள்ளே போகும், வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். நம் தையல்காரர்கள் துணியைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க நூலோட்டம் போடுவார்களே, அதே தையல். பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் கைக்குட்டையில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான். சங்கிலித் தையலும் காம்புத் தையலும் சில காந்தாக்களில் துணைக்கு வரும். ஆனால் போர்வையின் உடம்பு முழுக்க இருப்பது நூலோட்டம்தான். ஆகவே "எனக்கு வராதே" என்ற பயத்தை முதலில் எடுத்து வைத்துவிடலாம்.

எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம். முற்றத்தைப் பெருக்கி, ஒரு புடவையைத் தரையில் இழுத்து விரிப்பார்கள். சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, அதன்மேல் அடுத்ததை விரிப்பார்கள். கோடையில் போர்த்த இரண்டு மூன்று அடுக்கு போதும். குளிர்காலத்துக்கு ஐந்து, ஏழு என்று ஏறும். ஓரங்களில் ஈச்சமுள்ளைக் குத்தித் துணி நகராமல் நிறுத்துவார்கள். பிறகு நீள நீளமாக நூலோட்டம் போட்டு அடுக்குகளைப் பிணைப்பார்கள். இந்த வேலைக்கு அக்கம்பக்கத்துப் பெண்களும் கைகொடுப்பார்கள். அதற்கப்புறம் போர்வையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, சமையலும் வயல்வேலையும் விட்ட நேரத்தில் ஒருத்தியே மடியில் போட்டுத் தைத்துக்கொண்டே இருப்பாள். மாதக்கணக்கில் போகும். பெரிய காந்தாவானால் ஆண்டுக்கணக்கிலும் போகும்.

நூலையும் கடையில் வாங்கவில்லை. பழம்புடவையின் கரையிலிருந்து இழை இழையாக உருவிச் சேர்த்தார்கள். பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்பும் மட்டுமே திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுதான். அன்றைய வெள்ளைப் புடவைகளின் கரை அந்த நிறங்களில்தான் இருந்தது. யாரோ உட்கார்ந்து நிறக் கோட்பாடு வகுத்த மாதிரி நமக்குத் தோன்றும் ஒழுங்கு, அலமாரியில் என்ன இருந்ததோ அதிலிருந்து வந்திருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

இனி, காந்தாவைத் தொட்டவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி: துணி ஏன் சின்னச் சின்ன அலையாகச் சுருங்கி நிற்கிறது? இஸ்திரி போடாததால் வந்த சுருக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. ஒவ்வொரு தையலிலும் நூலை இழுக்கும்போது, நூல் அமுங்கிய இடம் பள்ளமாகிறது, இரண்டு தையலுக்கு நடுவிலுள்ள துணி மேடாகிறது. வரிசைக்குப் பக்கத்தில் வரிசை வரும்போது இந்தப் பள்ளமும் மேடும் சேர்ந்து அலையாகின்றன. பின்னணியை நிரப்பும் வெள்ளை நூல் நேர்கோட்டில் போகாமல் பூவைச் சுற்றியும் மீனைச் சுற்றியும் அவற்றின் விளிம்பையே பின்பற்றிப் போகும். அதனால் குளத்தில் கல் விழுந்த மாதிரி ஒவ்வொரு உருவத்திலிருந்தும் வளையங்கள் விரிகின்றன. அழகு ஒருபுறம் இருக்கட்டும். அந்த மேடுகளிலும் அடுக்குகளுக்கு நடுவிலும் காற்று தங்குகிறது. மெல்லிய துணியாக இருந்தும் கதகதப்பு வருவது அந்தக் காற்றால்தான்.

நூலோட்டத்துக்கு இன்னொரு குணம் உண்டு, சிக்கனம். சாட்டின் தையலில் துணியின் முன்பக்கம் எவ்வளவு நூல் தெரிகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு பின்பக்கத்திலும் யார் கண்ணுக்கும் படாமல் வீணாகக் கிடக்கும். நூலோட்டத்திலோ நூல் ஒரு தையலுக்கு மேலே, அடுத்த தையலுக்குக் கீழே என்று மாறி மாறிப் போவதால், கிடக்கும் ஒவ்வோர் அங்குலமும் ஏதோ ஒரு பக்கத்துக்கு அழகு செய்கிறது. நல்ல காந்தாவில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று கண்டுபிடிக்கவே திணற வேண்டும். கையால் உருவிய நூலை வைத்துத் தைத்தவர்கள் இந்தத் தையலைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

உருவங்களுக்கு ஒரு வழக்கமான இட ஒதுக்கீடு உண்டு. நடுவில் தாமரை, நான்கு மூலையிலும் நடுவை நோக்கிச் சாயும் மரமோ மாங்காயோ. மிச்ச இடம் தைக்கிறவளின் விருப்பம். அங்கேதான் வீடு முழுக்க வந்து உட்காரும்: சீப்பு, பாக்குவெட்டி, கத்தரிக்கோல், மீன், படகு, பல்லக்கு, யானை, தேர். கண்ணில் பட்டது, கேள்விப்பட்டது, ஆசைப்பட்டது எல்லாம்.

இதுவரை சொன்னது வேலை முறை. நான் உண்மையில் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது.

காந்தாவுக்கு ஒரே வடிவம் கிடையாது. லேப் என்பது குளிருக்கான தடித்த போர்வை. சுஜனி, விசேஷங்களுக்கு விரிப்பது. ஆசன் விருந்தாளி உட்கார. பைத்தன் என்பது புத்தகத்தையோ விலையுயர்ந்த பொருளையோ பொதிந்து வைக்கும் சதுரத் துணி. ஆர்ஷிலதா கண்ணாடியையும் சீப்பையும் சுருட்டி வைக்கும் நீளத் துண்டு. துர்ஜனி ஒரு சதுரம். அதன் மூன்று மூலைகளை நடுவுக்கு மடித்து இணைத்துவிட்டால் உறை மாதிரி பையாகிவிடும், நான்காவது மூலையில் ஒரு கயிறு, சுற்றிக் கட்ட. பணமோ வெற்றிலை பாக்கோ வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் இருக்கிறார், அவர் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. தலைவாரிக்கொள்ளும் பெண், வாசிக்கிறவர், வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி. "எதைத் தைக்கலாம்" என்று அவர்கள் தொடங்கவில்லை. "இவர் எதைத் தினமும் கையில் எடுக்கிறார்" என்று பார்த்தார்கள். அளவு, அடுக்கு, கயிறு எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்து வந்தன. குடும்பத்துக்குத் தைத்துக் கொடுப்பதில் கடினமான பகுதி ஊசி பிடிப்பதில் இல்லை, அந்த மனிதரைக் கவனிப்பதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் அதில் இவ்வளவு சுகமும் இருக்கிறது. ஒரு பரிசை ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். ஐந்து நிமிடம்தான் அவரைப் பற்றி நினைத்திருப்போம். தைக்கும்போது அவரோடுதான் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம்.

கொல்கத்தாவை ஒட்டிய ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் இருக்கிறது. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத், ஊர் ஊராகப் போனபோது சேர்த்த நாட்டுப்புறக் கலைப் பொருட்கள் அங்கே உள்ளன. 1941இல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்பில் மானதாசுந்தரி என்ற பெண் 19ஆம் நூற்றாண்டில் தைத்த காந்தா ஒன்று புகழ்பெற்றது. அதில் ஊசியாலேயே எழுத்தும் தைத்திருக்கிறாள்: இது தன் கையால் தன் தந்தைக்காகச் செய்தது என்று. காந்தா தைத்த பெரும்பாலான பெண்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பெயர் கிடைத்த இவளோ, பெயருடன் கூடவே யாருக்காக என்பதையும் சொல்லாமல் விடவில்லை. அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷும் காந்தாக்களைத் தேடிச் சேர்த்தவர். 1939இலேயே அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் சேர்த்தவை இப்போது அமெரிக்காவில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீட்டுத் தரையில் விரித்துப் படுத்த துணிகள், கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டன.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 1971 போருக்குப் பிறகு வங்கதேசத்தில் ஏராளமான பெண்களுக்குக் காந்தா வேலை பிழைப்பாக அமைந்தது. பிராக் என்ற தொண்டு அமைப்பு 1978இல் தொடங்கிய ஆரோங் போன்ற கடைகள் அதற்குச் சந்தை தேடிக் கொடுத்தன. சாந்திநிகேதன் பக்கம் பட்டுப்புடவையில் நடக்கும் வேலையும் அப்படித்தான் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கிறது. அதை வாங்குவது நல்ல காரியம், பேரம் பேசாமல் வாங்குவது இன்னும் நல்லது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு "இந்த நேர்த்தி எனக்கு எப்போது வரும்" என்று ஏங்கி ஊசியைக் கீழே வைப்பதில் அர்த்தமில்லை. அது வேறு தொழில். வீட்டுக் காந்தாவில் கோடு கொஞ்சம் கோணலாகப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

பழந்துணியை இப்படி வீட்டுக்காகத் தைப்பது வங்காளத்தில் மட்டும் இல்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைப்பது கவந்தி. ஒரு பழம்புடவையை அடித்துணியாக விரித்து, மூலையில் தொடங்கி, கைக்குக் கிடைத்த வண்ணத் துண்டுகளை ஒவ்வொன்றாக நூலோட்டத்தால் பிடித்துக்கொண்டே ஓரத்தோடு சுற்றி, கடைசியில் நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துத் தைத்த முக்கோணப் பூ ஒன்று வேண்டும். பூ இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். அங்கேயும் அதே நூலோட்டம், அதே பழந்துணி, அதே தொட்டில் பிள்ளை.

நமக்கும் இது அந்நியம் இல்லை. பிறந்த குழந்தையை நைந்த பருத்தி வேட்டியிலும் புடவையிலும் சுற்றிக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் நேற்று வரை இருந்தது. தூளி கட்ட இன்றும் அம்மாவின் பழம்புடவையைத்தான் தேடுகிறோம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், விறைப்பு இருக்கும். நூறு தடவை துவைத்த துணியில் இரண்டும் போய், இழை இளகி, வியர்வையை உடனே உறிஞ்சும். நாம் அதை அடுக்கித் தைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நம் வெயிலுக்கு அது தேவைப்பட்டிருக்காது. மூன்று அடுக்கானால் நம் ஊருக்கும் தாங்கும்.

ஆகவே அந்தப் பேரக்குழந்தைக்கு ஒன்று தைப்போம். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 90 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் ஆறு துண்டு வரும். விரிப்புக்கு மூன்று துண்டு வீதம், ஒரு புடவையில் இரண்டு பிள்ளைகளுக்கு ஆகிவிடும். அகலத்தையும் 90க்கு வெட்டிச் சதுரமாக்குங்கள். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். அந்தத் துண்டை நடு அடுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், நல்லது இரண்டும் மேலும் கீழும். வங்காளத்தில் கிழிந்துபோன பழைய காந்தாவையே புதிய காந்தாவுக்குள் நடு அடுக்காக வைத்துவிடுவார்கள்.

பாலியஸ்டர் கலந்த புடவை வேண்டாம், வியர்வையை வாங்காது. சரிகைக் கரையும் வேண்டாம், பிள்ளையின் தோலைக் கீறும். இரண்டு வேறு புடவைகளைக் கலக்கலாம், ஆனால் பழையதோடு புதியதைச் சேர்ப்பதானால் புதியதை முதலில் இரண்டு மூன்று தடவை துவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தைத்து முடித்தபின் முதல் துவைப்பில் புதியது மட்டும் சுருங்கிப் போர்வை முறுக்கிக்கொள்ளும். சாயம் போகுமா என்று தெரிய, ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேயுங்கள்.

மூன்றையும் தரையில் விரித்து நீவி, ஈச்சமுள்ளுக்குப் பதில் ஊக்குகளைக் குத்துங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கைநீள இடைவெளியில் நூலோட்டம் போடுங்கள். நடுவிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம், சுருக்கம் ஏதும் இருந்தால் அது வெளியே தள்ளப்பட்டு ஓரத்தில் போய்த் தீரும். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். பிறகு நான்கு ஓரத்தையும் உள்ளே மடித்துத் தைத்துவிடலாம்.

நூல், ஆங்கர் போன்ற பருத்தி எம்பிராய்டரி நூல். ஒரு கண்டில் எட்டு மீட்டர் இருக்கும், ஆறு இழை சேர்ந்திருக்கும். இரண்டிரண்டு இழையாகப் பிரித்துக்கொண்டால் ஒரு கண்டு 24 மீட்டருக்கு வரும். ஒரு செ.மீ. இடைவெளியில் வரிசை போட்டால் 90 வரிசை, மொத்தம் 80 மீட்டர் தையல். துணியின் மேலும் கீழும் ஏறி இறங்குவதற்கும் முடிச்சுக்கும் சேர்த்து நூறு மீட்டர் என்று கணக்கு வைத்து, ஐந்து கண்டு வாங்குங்கள். ஊசியின் எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதைக் கடையில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூலை முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளத்துக்கு மேல் கோக்காதீர்கள். நீளமாகக் கோத்தால் அடிக்கடி கோக்கிற வேலை மிச்சம் என்று தோன்றும், சிக்கெடுக்கிற நேரம் அதைவிட அதிகம். முடிச்சு வெளியே தெரிய வேண்டியதில்லை. மெல்லச் சுண்டி இழுத்தால் மேல் துணிக்குள் நழுவி அடுக்குகளுக்கு நடுவில் தங்கிவிடும்.

துணியை இழுத்துப் பிடிக்கும் வட்டச் சட்டம் தேவையில்லை. துணி தளர்வாக இருந்தால்தான் ஊசியில் நாலைந்து தையலை வாங்கி ஒரே இழுப்பில் இழுக்க முடியும். அந்த அலையும் அப்போதுதான் வரும். ரொம்ப இறுக்கினால் துணி கொசுவிப்போகும், ஒவ்வொரு வரிசை முடிவிலும் விரலால் ஒரு தடவை நீவிவிடுங்கள்.

என்ன உருவம் என்று குழம்ப வேண்டாம். வங்காளத்துத் தாமரைதான் வர வேண்டும் என்றில்லை. நம் வாசலில் தாமரைக் கோலம் இருக்கிறது. எடுத்த இடத்திலேயே வந்து சேரும் ஒற்றை இழைச் சிக்குக் கோலம் நூலோட்டத்துக்கு என்றே பிறந்தது. தடத்துக்குத் தடம் நூலை அறுக்காமல் ஊசி போய்க்கொண்டே இருக்கும். தையல்காரர் சாக்கால் புள்ளி வைத்து வரைந்து அதன்மேல் போனால் போதும். பித்தான், கண்ணாடிச் சில்லு, மணி எதுவும் குழந்தைத் துணியில் வேண்டாம், பிய்ந்தால் நேரே வாய்க்குப் போகும். இதைக் கீழே விரித்து, விழித்திருக்கும்போது பிள்ளையைப் போட்டு விளையாடவிடுங்கள். தூங்கும் குழந்தையின் மேல் தளர்ந்த போர்வை எதையும் விடக்கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. முதல் ஆண்டு முடியும் வரை அதைக் கடைப்பிடியுங்கள்.

மற்றவர்களுக்கும் இதே கணக்குதான். தாத்தா மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவரா? துர்ஜனி மாதிரி ஓர் உறை, அவர் சட்டைப் பைக்குள் போகும் அளவில், பளிச்சென்ற நிறத்தில். விரல் மடங்காத பாட்டிக்குக் கட்டுகிற கயிறோ பித்தானோ வைக்காதீர்கள், மேலே மடிந்து விழும் மூடி போதும். விடுதிக்குப் படிக்கப் போகும் பெண்ணுக்கு அம்மாவின் புடவையில் தலையணை உறை. சமையலறையில் நிற்கிறவருக்குச் சூடான பாத்திரம் பிடிக்க ஏழு அடுக்குத் துண்டு, இதில் மட்டும் செயற்கை இழை ஒரு நூல்கூட இருக்கக் கூடாது, சூட்டில் உருகும்.

ஒரு மூலையில் யாருக்கு, யார், எந்த ஆண்டு என்று தைத்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். கொடுக்கும்போது "பத்திரமாக வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; பீரோவுக்குப் போய்விடும். பிள்ளை மூத்திரம் போகும், பால் கக்கும், துவைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பச்சைத் தண்ணீரில் மெல்லிய சோப்புப் போட்டு அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்துக் காய வைத்தால் போதும். நூல் அறுந்த இடத்தில் அவர்களே இரண்டு தையல் போட்டுக்கொள்ளலாம். அவர்களுக்கும் வருகிற தையல்தானே அது.

வளைகாப்பு சமயத்தில் தொடங்கினால், ஒரு நாளைக்கு இரண்டு வரிசை என்று வைத்தாலும் பிள்ளை பிறப்பதற்குள் முடிந்துவிடும். புடவையைத் தேர்ந்து, வெட்டி, விரித்து, நூலோட்டம் போட்டு நிறுத்துவது ஒரு பிற்பகல் வேலை. தரையில் விரிக்கும்போது மட்டும் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.